ஓதம்

சுவர், தரை, கூரைத்தளம் ஆகியவற்றில் ஈரம் ஏறித் தங்குவது ஓதம் எனப்படும். தமிழகக் கடற்கரை ஊர்களில் வடகிழக்குப் பருவமழையும் உப்புக்காற்றும் சேர்ந்து இதைத் தீவிரமாக்குகின்றன.

நிலத்தடி ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். பெரும்பாலும் சில அடி உயரத்துக்குள் நின்றுவிடும். சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாக, கரைந்திருந்த உப்பு படிகமாகி வெள்ளை மாவுபோலப் பூக்கும். படிகம் வளரும்போது பூச்சு உப்பிப் பொரிந்து உதிரும். விரலால் தட்டினால் அந்த இடத்தில் பொத்தென்று ஓசை கேட்கும்.

பழைய சுண்ணாம்புச் சுவர்கள் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அவற்றின் மேல் சிமெண்ட் பூசுவது பெரும் தவறு. ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு இன்னும் உயரத்துக்கு ஏறும். புதுப் பெயிண்ட் அடித்து மறைப்பதும் வீண்செலவே. அடுத்த மழைக்காலத்தில் அதுவும் உரியும்.

கான்கிரீட் கூரையில் ஆபத்து அதிகம். கம்பி துருப்பிடித்தால், துரு தான் அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஊஞ்சல் கொக்கியைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிந்தால், காரை விழும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே பொறியாளரிடம் காட்ட வேண்டும்.

அடித்தளத்துக்கு மேல் ஓதத்தடுப்பு அடுக்கு இடுவதும், மாடியில் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை) போட்டுத் தட்டோடு பதித்து மழைநீர் வழிய வாட்டம் கொடுப்பதும் கட்டும்போதே செய்யவேண்டியவை. ஏற்கெனவே ஓதமுள்ள வீட்டில் அலமாரியைச் சுவரை ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளிவைத்தால் துணியில் பூஞ்சணம் பிடிப்பது குறையும்.