கண்ணில் தெரிந்த அம்மை

2017 பிப்ரவரி. தென்காசி தனி மாவட்டம் ஆகாத காலம். நம் ஊர் ராயகிரி அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்தது. 9 மாதம் முடிந்த குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை அனைவருக்கும் தட்டம்மை - ரூபெல்லா ஊசி என்று தமிழகம் முழுக்க முகாம் தொடங்கியது. ஏறத்தாழ 1 கோடியே 76 லட்சம் பிள்ளைகள் இலக்கு. ஊசி பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே வாட்ஸ்அப் வதந்தி வீட்டுக்கு வந்துவிட்டது. பெற்றோர் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது.

தட்டம்மையை நம் பாட்டிகளுக்கும் தெரியும். ரூபெல்லா அப்படிப் பெயர் சொல்லிக்கொண்டு எந்த வீட்டுக்கும் வந்ததில்லை. லேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கும் சிவந்த தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறிகட்டுதல். மூன்று நாளில் போய்விடும். 18ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மருத்துவர்கள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். ரூபெல்லா என்று 1866இல் பெயரிட்டவர் ஹென்றி வீல் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர். அவர் இந்த நோயைக் கண்டது இந்தியாவில்! பெயர் வைத்தாரே தவிர, இதைப் பெரிய நோயாக யாரும் மதிக்கவில்லை.

அதன் மறுமுகத்தைக் கண்டவர் ஒரு கண் மருத்துவர். 1941இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்பவரிடம், பிறவியிலேயே கண்புரையோடு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து வந்தன. தாய்மார்களை விசாரித்தார். முந்தைய ஆண்டு அங்கே ரூபெல்லா பரவியிருந்தது. கருவுற்ற தொடக்கத்தில் அது தங்களுக்கு வந்து போனதாகப் பலரும் சொன்னார்கள். சக மருத்துவர்களிடமும் கேட்டுத் திரட்டிய 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மாருக்கு அந்த நோய் வந்திருந்தது. பல குழந்தைகளுக்கு இதயத்திலும் கோளாறு. காது கேளாமையும் இதன் விளைவு என்பது பிறகு தெரிந்தது. லண்டனின் 'தி லான்செட்' இதழ் 1944இல்கூட இதை நிரூபணமாக ஏற்கத் தயங்கியது. 1964-65இல் அமெரிக்காவில் கொள்ளைநோயாகப் பரவி, சுமார் 20,000 குழந்தைகள் இந்தக் குறைகளோடு பிறந்தபோது தயங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. 1969இல் தடுப்பூசி வந்தது.

நம் பக்கத்திலும் கண் மருத்துவமனைதான் இதை எண்ணிக்கையில் காட்டியது. மதுரை அரவிந்த் மருத்துவமனையில் கண்புரையுள்ள 366 குழந்தைகளை ஆராய்ந்து 1996இல் வெளியான ஆய்வு, சுமார் 15 சதவீதம் பேருக்குக் காரணம் தாய்க்கு வந்த ரூபெல்லா என்றது.

கருவுற்ற முதல் 12 வாரங்களில் தாய்க்குத் தொற்றினால், குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 80 சதவீதத்துக்கும் மேல். கருச்சிதைவும் நேரலாம். 20 வாரம் கடந்தால் ஆபத்து மிகக் குறைவு. தொற்றிய பிறகு கிருமியை விரட்ட மருந்து இல்லை.

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும், பிள்ளைத்தாய்ச்சி அந்தப் பக்கம் போகக்கூடாது என்பதும் நம் வழக்கம். நல்ல காவல்தான். ரூபெல்லா அந்தக் காவலில் சிக்காது. தடிப்பு தெரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இருமலிலும் தும்மலிலும் பரவுகிறது. தொற்றியவர்களில் பாதிப் பேர் வரை தடிப்பே காண்பதில்லை. கருவிலேயே தொற்றிப் பிறந்த குழந்தையிடமிருந்து ஓராண்டு வரைகூடப் பரவலாம்.

கர்ப்பம் தரிக்காத பையனுக்கு இந்த ஊசி எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. பள்ளியிலிருந்து கிருமியை வாங்கிவந்து அம்மாவுக்கும் அத்தைக்கும் கொடுப்பவன் அவனாகவும் இருக்கலாம். அரைகுறையாகப் போட்டால் வேறொரு சிக்கல். கிருமியின் நடமாட்டம் குறையும். சிறுவயதில் நோய் வராமல் தப்பிய பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரலாம். கிரீஸ் நாடு 1993இல் இதை அனுபவித்தது. முகாமில் 15 வயது வரை ஆண், பெண் என்று பாராமல் சேர்த்ததன் கணக்கு இதுவே. இலங்கை 1996இலேயே 11 முதல் 44 வயது வரையுள்ள பெண்களுக்கு ஊசி போடத் தொடங்கியது. அந்நாடு தட்டம்மை, ரூபெல்லா இரண்டையும் ஒழித்துவிட்டதாக 2020இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியா குறித்துவைத்திருக்கும் இலக்கு 2026.

ராயகிரி வாசகர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு தவணை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஊசி போட்ட விவரம் தெரியாத பெண்கள் கல்யாணத்துக்கு முன்போ, கருத்தரிக்கும் முன்போ மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். அதன்பின் நான்கு வாரம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கர்ப்பிணிக்கு இந்த ஊசி கூடாது. கர்ப்பிணிகள் காய்ச்சலும் தடிப்பும் உள்ளவர்களோடு பழக நேர்ந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மகனின் தடுப்பூசி அட்டையில் இரண்டு தவணையும் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

(தொடரும்)