எச். வசந்தகுமார்

எச். வசந்தகுமார் (14 ஏப்ரல் 1950 – 28 ஆகஸ்டு 2020): 'வசந்த் அண்ட் கோ' என்ற வீட்டு உபயோகப் பொருள் அங்காடிகளை நிறுவியவர். காங்கிரஸ்காரர். நாங்குநேரி சட்டமன்ற உறுப்பினராகவும் பின்னர் கன்னியாகுமரி நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி விற்றவர் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அவர் கடையில் உண்மையில் விலைபோனது தவணை.

குமரி மாவட்டம் அகஸ்தீசுவரத்தில் பிறந்தார். அவர் பிறந்தபோது அவ்வூர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீட்டில் பேச்சும் அரசியலும் முன்பே இருந்தன. அண்ணன் குமரி அனந்தன் காமராசரின் அணுக்கத் தொண்டர், மேடைத் தமிழுக்குப் பெயர்போனவர். ஆனால் அண்ணனின் பெயரை வைத்துக் கடை நடத்த முடியாது. பிழைப்புக்குச் சென்னை வந்த தம்பி, வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தார்.

இந்த வி.ஜி.பி.யைத் தொடாமல் வசந்தகுமாரைச் சொல்ல முடியாது. நிறுவனர் வி.ஜி. பன்னீர்தாஸ் அழகப்பபுரத்துக்காரர், அதுவும் அகஸ்தீசுவரம் வட்டந்தான். இன்று பலருக்கு வி.ஜி.பி. என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பொழுதுபோக்குப் பூங்காவும், யார் என்ன செய்தாலும் அசையாமல் நிற்கும் சிலை மனிதனும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன் அந்தப் பெயருக்குத் தவணை என்று பொருள். கைக்கடிகாரம், ரேடியோ, மின்விசிறி, நாற்காலி என்று மாதச் சம்பளக்காரர் மொத்தமாகப் பணம் போட முடியாத எதையும் மாதாமாதம் கட்டி வாங்கலாம் என்று பழக்கிவிட்ட கடை அது. யாரை நம்பலாம், யாரிடம் ஜாமீன் கையெழுத்து கேட்க வேண்டும், பாக்கியைக் கேட்கப் போகும்போது எந்தக் குரலில் பேச வேண்டும் என்பதை வசந்தகுமார் கற்ற பள்ளிக்கூடம் அதுதான்.

1978இல் அங்கிருந்து விலகித் தியாகராய நகரில் சொந்தமாகச் சிறு கடை திறந்தார். காலம் அவருக்கு வாய்ப்பாக இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. டயனோரா, சாலிடர் என்று சென்னையிலேயே பெட்டிகள் தயாராயின. மரப்பெட்டிக்குள் கறுப்பு வெள்ளைத் திரை, அதன்மேல் இருபுறமும் இழுத்து மூடும் கதவு. பார்த்து முடித்ததும் கதவைச் சாத்தி மேலே ஒரு பின்னல் துணி. தெருவில் ஒரு வீட்டில் இருந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குத் தெருவே அங்கே உட்காரும். பக்கத்து வீட்டுத் தரையில் எத்தனை ஞாயிறு உட்காருவது என்ற கூச்சம்தான் பலரைத் தவணைக் கடைப் படியேற்றியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. 1987இல் ராமாயணத் தொடர். ஒவ்வொரு அலைக்கும் ஒரு பழைய பெட்டி வெளியே போய்ப் புதியது உள்ளே வந்தது.

தவணைக் கடையின் மையம் ஒரு அட்டை. தேதி, கட்டிய தொகை, பாக்கி, கையெழுத்து என்று கட்டம் போட்டது. ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருப்பார்கள். கடைசிக் கட்டத்தில் முத்திரை விழும் நாள் வரை பொருள் வீட்டில் இருந்தாலும் முழுக்கத் தனதில்லை என்ற உறுத்தல் இருக்கும்.

இந்த ஏற்பாடு எல்லா ஊரிலும் ஒரேமாதிரி பலித்துவிடாது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் பணம் மாதாமாதம் வருவதில்லை. மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி விற்றால் வரும், நெல் அறுத்தால் வரும். சம்பளச் சான்று காட்ட ஆசிரியருக்கும் பேருந்து நடத்துநருக்கும் முடியும், மானாவாரி விவசாயிக்கு முடியாது. அவர் அறுவடைப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய், மகளின் சீர்வரிசைக்கு வேண்டிய பீரோ, கட்டில், கிரைண்டரை ஒரே நாளில் ரொக்கமாக வாங்கி வருவார். மாவட்டத் தலைநகரங்களில் கிளை பரப்பும் எந்தக் கடைக்கும் இந்த இரண்டு வகை வாடிக்கையாளரும் வேண்டும். தியாகராய நகரிலேயே சரவணா ஸ்டோர்ஸ் குறைந்த விலையையும் ரொக்கத்தையும் நம்பி வளர்ந்தது. வசந்தகுமார் கடனில் தொடங்கி ரொக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். அவர் இறக்கும்போது எண்பதுக்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன.

விளம்பரத்துக்கு நடிகரைத் தேடாமல் தன் முகத்தையே வைத்தார். பொங்கல், தீபாவளி நாளிதழ்களில் வெள்ளைச் சட்டையும் சிரிப்புமாக அவர் வருவார். வாக்காளருக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரே சிரிப்பு என்பது பின்னால் வசதியாயிற்று. 2008இல் வசந்த் தொலைக்காட்சியைத் தொடங்கினார். பெட்டி விற்றவர் பெட்டிக்குள் ஓடுவதையும் தயாரிக்கத் தொடங்கினார்.

2006இல் நாங்குநேரியில் வென்றார். அந்தத் தேர்தலில் அவர் இருந்த தி.மு.க. கூட்டணியின் பெரிய வாக்குறுதி இலவச வண்ணத் தொலைக்காட்சி. டிவி விற்பவர் இலவச டிவி அணியில் நின்று ஜெயித்த வேடிக்கையைத் தமிழக அரசியல் மட்டுமே தர முடியும். 2011க்குப் பின் ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. இவற்றால் இந்த வணிகம் படுத்துவிடவில்லை. இலவசப் பெட்டி வந்த வீட்டுக்கு அடுத்து பெரிய பெட்டி வேண்டியிருந்தது.

2011இல் நாங்குநேரியை இழந்தார். 2014 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரியில் பொன். ராதாகிருஷ்ணனிடம் தோற்றார், 2016இல் நாங்குநேரியை மீட்டார். 2019இல் அதே ராதாகிருஷ்ணனைச் சுமார் 2.6 லட்சம் வாக்குகளில் வென்றார். அப்போது அவர் காட்டிய சொத்து மதிப்பு 417 கோடி ரூபாய். தமிழக வேட்பாளர்களில் அதுவே மிக அதிகம். அதே தேர்தலில் பா.ஜ.க. மாநிலத் தலைவராக எதிரணியில் இருந்தவர் அண்ணன் மகள் தமிழிசை சௌந்தரராஜன். குடும்பத்தில் இது பெரிய சண்டையாக வெளியே தெரிந்ததில்லை.

2020 ஆகஸ்டில் கொரோனா தொற்றுடன் சென்னை மருத்துவமனையில் சேர்ந்தவர் 28ஆம் தேதி காலமானார். பதவியில் இருக்கும்போது அந்நோய்க்குப் பலியான முதல் இந்திய நாடாளுமன்ற உறுப்பினர் அவரே. உடல் சொந்த ஊரான அகஸ்தீசுவரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 'நாடோடிகள்' படத்தில் நடித்த மகன் விஜய் வசந்த் 2021 இடைத்தேர்தலில் அதே தொகுதியில் வென்றார், 2024இலும் வென்றார். கடைகள் நடக்கின்றன. தவணையை இப்போது நிதி நிறுவனங்கள் கவனித்துக்கொள்கின்றன. வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கழிந்துவிடுகிறது, கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது.