சுமைதாங்கிக் கல்லும் எந்திரக் காலும்

நாங்குநேரிக்குத் தெற்கே, நாலுவழிச் சாலை தொடாமல் விட்டுப்போன பழைய பாதைத் துண்டில், ஒரு சுமைதாங்கி நிற்கிறது. நட்டமாக ரெண்டு கல், மேலே படுக்கப் போட்ட கல் ஒன்று. பிள்ளைத்தாச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடுவது நம் பக்கத்து வழக்கம். அவள் இறக்காமலே கொண்டுபோன சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்பது கணக்கு. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், இது ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டேன்.

"தலைச்சுமைக்காரன் ஒத்தையில வருவாம்லா தம்பி. தூக்கிவிட ஊருல ஆளு இருக்கும். நடுவழியில எறக்கிவிட யாரு இருக்கா?"

எக்ஸோஸ்கெலிட்டன் பற்றி ரெண்டு மாதமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு இது சுருக்கென்று தைத்தது. வீரனின் உடம்புக்கு வெளியே மாட்டும் எந்திரச் சட்டகம் அது. நண்டுக்கும் தேளுக்கும் ஓடே எலும்பாக இருப்பதுபோல, மனிதனுக்கு மோட்டார் வைத்த ஒரு புறக்கூடு. சுமையின் பாரம் அவன் முதுகில் இறங்காமல் சட்டகத்தின் வழியாகத் தரைக்குப் போய்விடும் என்பதுதான் அதன் வாக்குறுதி.

நாங்குநேரி வட்டத்தில் படைத் தொழில்நுட்பம் என்றால் எல்லாருக்கும் விஜயநாராயணம் கடற்படைத் தளம்தான் ஞாபகம் வரும். நான் சொல்லவந்தது அதற்கும் முந்தியது. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயை அடக்க, கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டைக்கு வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து கணவாய்க்குப் போகிற படை அநேகமாக இந்தப் பாதையில்தான் நடந்திருக்கும். அந்தக் காலப் படைகளில் துப்பாக்கி பிடித்தவனைவிட மூட்டை பிடித்தவன்தான் அதிகம். பொதிமாடு, கூலியாள், டோலி தூக்குகிறவன் எல்லாருமாகச் சேர்ந்தால்தான் படை நகரும். கோட்டையில் ஏறிய மேஜர் வெல்ஷின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவருடைய மூட்டையைச் சுமந்தவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

பின்னாளில் கூலியாள் போனான்; அவன் சுமை வீரனின் தோளுக்கே வந்து சேர்ந்தது. 2003-இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கக் காலாட்படையினர் சுமந்ததை ஒரு குழு நிறுத்துப் பார்த்தது. நடைப்பயணச் சுமை சராசரியாக 45 கிலோவுக்கு மேல். நம்மூர் அரிசி மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு மலையேறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்திரக் காலின் கதை இதற்கு வெகு முன்பே, 1890-இல், நிக்கலஸ் யாக்ன் என்ற ரஷ்யரின் காப்புரிமையில் தொடங்குகிறது. அது வில் வைத்து ஓட உதவும் கருவி, மோட்டார் கிடையாது. உண்மையான சோதனை 1965-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காக ஆரம்பித்த 'ஹார்டிமேன்'. உள்ளே ஒரு சட்டகம், வெளியே ஒரு சட்டகம். மனிதன் உள்ளே அசைந்தால் வெளிச் சட்டகம் அதைப் பலமடங்கு வலுவோடு திருப்பிச் செய்ய வேண்டும். எடை சுமார் 680 கிலோ. இலக்கும் அதே 680 கிலோவைத் தூக்குவதுதான். நடந்தது என்ன? முழு உடம்பையும் இயக்கிப் பார்த்தபோது அது கட்டுக்கடங்காமல் உதறியது. கடைசிவரை ஆளை உள்ளே வைத்து முழுக் கருவியை இயக்கவே இல்லை. ஒரே ஒரு கை மட்டும் 340 கிலோவைத் தூக்கியது. 1971 வாக்கில் திட்டம் நின்றது.

இதைத் தோல்வி என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ ஆளை உள்ளே வைக்காமல் நிறுத்தினார்களே, அது அந்தப் பொறியாளர்களின் பெரிய சாதனையாகப் படுகிறது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, உணர்விகள் வந்தன. 2004-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 'பிளீக்ஸ்', 2009-இல் லாக்ஹீட் மார்ட்டினின் 'ஹல்க்'. ஹல்க் 90 கிலோ சுமக்கும் என்றார்கள். ஆனால் இந்த வகை முன்மாதிரி ஒன்றை மாட்டி நடக்கவிட்டு நேட்டிக் ராணுவ ஆய்வகத்தார் 2010-இல் வெளியிட்ட முடிவு வேடிக்கையானது. சும்மா முதுகில் சுமந்தவனைவிடக் கருவி மாட்டியவன் செலவழித்த ஆக்சிஜன் சுமார் 40 முதல் 60 சதவீதம் வரை கூடுதல்! பாரம் தரைக்குப் போனது வாஸ்தவம்தான். கனத்த இரும்புக் காலை ஒவ்வொரு அடிக்கும் வீசிப்போடும் வேலை அவன் தலையில் விழுந்தது. 2013-இல் தொடங்கிய 'டாலோஸ்' கவச உடுப்புத் திட்டத்தையும் 2019-இல் முழு உடுப்பு இல்லாமலே முடித்துக்கொண்டார்கள்.

ஆபத்துகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், விளம்பரப் படங்களில் இது வராது. நம் முழங்கால் கதவுக் கீல் இல்லை. மடங்கும்போது அதன் அச்சே நகரும். எந்திர மூட்டு ஒரே இடத்தில் சுழலும். இந்தச் சின்ன வித்தியாசம் ஆயிரம் அடி நடந்தால் தோலில் புண், பல்லாயிரம் அடி நடந்தால் மூட்டில் சேதம். முதுகுத்தண்டு பாதித்தவர்கள் பயிற்சிக்கு மாட்டும் மருத்துவக் கருவிகளிலேயே கால் எலும்பு முறிந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அதுவும் சமதரையில், பக்கத்தில் ஆள் நிற்கும்போது. இடுப்பில் லித்தியம் பேட்டரி; அதில் குண்டுச் சிதறல் பட்டால் தீ மனிதனோடு கட்டியிருக்கும். சார்ஜ் தீர்ந்தால் இத்தனை நேரம் உதவியதே சுமையாகிவிடும். ஆற்றில் விழுந்தால்? தடுக்கி விழும்போது கருவி அதை ஒரு அடி வைப்பதாகப் புரிந்துகொண்டால்?

பராமரிப்பு ரோபோக்களுக்கு 2014-இல் வந்த ஐஎஸ்ஓ 13482 பாதுகாப்புத் தரம், நடக்க உதவும் உடல்கருவிகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் ராணுவப் பயன்பாடு தன் எல்லைக்குள் வராது என்று அதுவே சொல்லிவிடுகிறது.

இந்தியாவிலும் வேலை நடக்கிறது. டிஆர்டிஓவின் பெங்களூரு ஆய்வகமான டெபெல், 2024 ஏப்ரலில் இதற்கென்றே ஒரு சர்வதேசப் பயிலரங்கு நடத்தியது. மலையில் நிற்கிற நம் ஜவானுக்கு இது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுமை குறைய வழி வந்தால், குறைந்த இடத்தில் இன்னும் பத்துக் கிலோ ஏற்றாமல் விடுவார்களா என்பதுதான் என் கேள்வி.

அதே டிஆர்டிஓவின் பழைய கதை ஒன்று உண்டு. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்து எலும்பு மருத்துவர் ஒருவர், ஏவுகணைக்குச் செய்த இலேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்துல் கலாமைத் தன் வார்டுக்குக் கூட்டிப்போனார். போலியோ பாதித்த பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராமில் ஒன்று தயாரானது. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. பிள்ளைக்கு வேண்டாம் என்றால் தானே கழற்றி வைத்துவிடலாம்.

பெரியவரிடம் எந்திரக் காலைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஒத்தையில கழட்ட முடியுமா?" என்றார். சில மாடல்களில் முடியும், அடிபட்டுக் கிடந்தால் கஷ்டம் என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கல்லின் உயரத்தை அளக்கக் கையில் டேப் இல்லை. என் தோளுக்குச் சரியாக இருந்தது. அடுத்த வாரம் ஆரல்வாய்மொழி வரை நடக்க உத்தேசம். மிச்சக் கற்கள் எத்தனை நிற்கின்றன என்று பார்த்து எழுதுகிறேன்.