தலைவர் நாற்காலியும் துணைத் தலைவர் கையெழுத்தும்: உள்ளாட்சியில் தலித் அரசியலின் வரலாறு



நாம் கூடியிருக்கும் ராயகிரி ஒரு பேரூராட்சி. இது அடங்கிய வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. பக்கத்துச் சங்கரன்கோவிலும் தனித்தொகுதி. தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் அப்படியே. சென்னைக்கும் டெல்லிக்கும் இந்தச் சீமையிலிருந்து தலித் பிரதிநிதிகள் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அன்றைய நெல்லை மாவட்டத்தின் இதே பகுதியில்தான் 2006 நவம்பரில் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன் வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த சில மாதங்களில், 2007இல், மருதங்கிணறு ஊராட்சியின் தலித் தலைவரும் கொல்லப்பட்டார்.

சட்டமன்றத்துக்குப் போகிற தலித்தைச் சகித்துக்கொள்கிற ஊர், ஊராட்சித் தலைவராகிற தலித்தை ஏன் கொல்கிறது? இன்றைய உரை இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

சட்டமன்ற உறுப்பினர் ஒரு கட்சியின் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர். ஊராட்சித் தலைவரின் அதிகாரம் அதைவிடச் சிறியது. ஆனால் அது ஊருக்குள்ளேயே இருக்கிறது. தெருவிளக்கு எந்தத் தெருவில் எரிய வேண்டும், குடிநீர்க் குழாய் எதுவரை நீள வேண்டும், கண்மாய் மீனும் புறம்போக்கு மரமும் யாருக்கு ஏலம் போக வேண்டும், ஊரக வேலைத் திட்டத்தில் யார் பெயர் ஏற வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சின்ன அலுவலகத்தில் முடிவாகின்றன. நேற்றுவரை யார் வீட்டுத் திண்ணையில் இந்த முடிவுகள் எடுக்கப்பட்டனவோ, அவர் இன்று சேரிக்காரரிடம் வந்து கையெழுத்துக் கேட்க வேண்டும். சாதி ஒழுங்குக்கு இதைவிடப் பெரிய கலகம் வேறில்லை.

அம்பேத்கர் இதை முன்பே கண்டவர். 1932இல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, தீண்டப்படாத மக்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்து அவர்களை ஆதிக்கச் சாதியிடம் ஒப்படைப்பதாகும் என்ற அடிப்படையில் அதை எதிர்த்தார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலும் கிராமத்தைப் புனிதமாக்கும் பேச்சை மறுத்தார். அதேநேரம் தேர்தல் களத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவரது சுதந்திரத் தொழிலாளர் கட்சி 1937 பம்பாய் மாகாணத் தேர்தலில் 17 இடங்களில் நின்று 14இல் வென்றது. அவற்றுள் பொது இடங்களும் இருந்தன. ஒதுக்கப்பட்ட இடத்தோடு நின்றுவிடாதே என்பதுதான் அந்த வெற்றி சொல்லும் பாடம்.

நமது மாகாணத்தில் தலித் பிரதிநிதித்துவம் நியமனத்தில் தொடங்கியது. இரட்டைமலை சீனிவாசன் 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் அவர் அங்கே நிறைவேற்றச் செய்தார். ஆனால் சென்னையில் நிறைவேறிய தீர்மானத்தை ஊர்க் கிணற்றடிவரை கொண்டுபோக ஊரில் அதிகாரமுள்ள ஆள் நம்மிடம் இல்லை. அந்த இடைவெளிக்கு அரசியலமைப்பு விடை தர எழுபது ஆண்டுகள் ஆயின. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. 1986க்குப் பிறகு நடக்காமலிருந்த ஊராட்சித் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. மக்கள்தொகை விகிதப்படி தலைவர் பதவிகள் நமக்கு ஒதுக்கப்பட்டன.

உடனே எதிர்ப்பு எழுந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் மனுத்தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. தள்ளிவைக்கப்பட்ட தேர்தல் 1996 டிசம்பர் இறுதியில் போலீஸ் பாதுகாப்போடு நடந்து, முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது, அவரும் துணைத் தலைவர் மூக்கனும் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் 13 பேர் 2019இல் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் வேறொரு முறை கையாளப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே யாரும் மனுத்தாக்கல் செய்யாதபடி ஊர்க்கட்டுப்பாடு இருந்தது. சில சமயம் ஊரே ஓர் ஆளை நிறுத்தி வெல்லவைத்து, உடனே ராஜினாமா செய்ய வைத்தது. 2006 அக்டோபரில்தான் அரசு முனைந்து நின்று அங்கே தேர்தலை முறையாக நடத்தி முடித்தது. பத்தாண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்டது, அரசு நினைத்தபோது சில வாரங்களில் முடிந்தது. இதையும் நாம் மறக்கக் கூடாது.

மூன்றாவது முறைதான் இன்று பரவலாக இருப்பது. தலைவர் நாற்காலியை நம்மிடம் விட்டுவிட்டு, அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வது. நமது சட்டப்படி ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்ட ஊரில் பெரும்பான்மை வார்டுகளை ஆதிக்கச் சாதி பிடித்துத் தன் ஆளைத் துணைத் தலைவராக்கினால் போதும், காசோலை அவர் மேசைக்குப் போய்த்தான் வர வேண்டும். ஜக்கையன் அப்படியொரு துணைத் தலைவரின் கைப்பாவையாக இருக்க மறுத்தவர். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020இல் ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நாடே பார்த்தது. தலையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டுக் காயங்களோடு உயிர் பிழைத்தார்.

இந்த மூன்று முறைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தனித்துவிடப்பட்ட தலைவர்தான் தாக்கப்படுகிறார். ஒதுக்கீடு ஒரு நாற்காலியைத் தருகிறது. அதைச் சுற்றி நிற்க வேண்டிய ஆட்களை அது தருவதில்லை. அந்த ஆட்கள் வார்டுகளில் இருந்துதான் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன. அவற்றின் வார்டுகள் ஒரு லட்சத்தை நெருங்குகின்றன. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் பேரூராட்சி வார்டுகள் மட்டும் ஏழாயிரத்துக்கு மேல். ராயகிரி போன்ற பேரூராட்சிகளில் தலைவரையே உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் தலித். சட்டமன்றத்தில் கூட்டணிக்காகச் சில இடங்களைக் கேட்டு வாசலில் காத்திருக்கிற அரசியலோடு, ஒவ்வொரு வார்டிலும் ஆள் நிறுத்துகிற அரசியலை ஒப்பிட்டுப் பாருங்கள். கிராம ஊராட்சியில் கட்சிச் சின்னமே கிடையாது. யாரிடமும் இடம் கேட்க வேண்டியதில்லை. 2019, 2021 ஊராட்சித் தேர்தல்களில் வார்டு உறுப்பினர் பதவிக்குத் தலித் வேட்பாளரின் வைப்புத்தொகை நூறு ரூபாய்தான்.

இப்படி எல்லாப் பதவிக்கும் நின்றவர்களின் வரலாறு நமக்குத் தூரத்து உறவு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லவுண்ட்ஸ் என்றொரு கவுண்டி. மக்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பெயர் பதிந்தவர்களை நிலவுடைமையாளர்கள் குடிசையிலிருந்து வெளியேற்றினார்கள். அவர்கள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள், சொந்தக் கட்சி கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்தார்கள். ஷெரீப்பின் வேலை என்ன, வரி மதிப்பீட்டாளரின் வேலை என்ன என்று படக்கதைப் புத்தகம் போட்டு ஊர் ஊராக வகுப்பு எடுத்தார்கள். 1966இல் ஏழு பதவிகளுக்கு நின்று ஏழிலும் தோற்றார்கள். 1970இல் அந்த இயக்கத்தின் முன்னோடி ஜான் ஹியூலெட் ஷெரீப் ஆனார். அந்தச் சிறுத்தைதான் ஓக்லாந்து வழியாக 1972இல் பம்பாய்க்கு வந்து, தலித் பேந்தர்ஸ் ஆகி, பிறகு நம் ஊர்ச் சுவர்களுக்கும் வந்தது. சின்னத்தோடு அவர்களது வகுப்பறையும் வந்து சேர வேண்டும்.

கன்ஷிராமும் இதைப் படிப்படியாகத்தான் செய்தார். 1978இல் அரசு ஊழியர் அமைப்பு, 1981இல் போராட்ட அமைப்பு, 1984இல் கட்சி. முதல் தேர்தல் தோற்க, அடுத்தது தோற்கடிக்க, மூன்றாவது வெல்ல என்பது அவரது கணக்கு. 1995இல் மாயாவதி முதலமைச்சரானார்.

ஆகவே மாநிலம் தழுவிய உள்ளாட்சித் திட்டத்துக்கு நாம் முன்வைப்பவை இவை.

முதலாவது, இடஒதுக்கீடு சுழற்சியில் மாறும், வார்டு மாறாமல் இருக்கும். எனவே தனி வார்டு, பொது வார்டு என்று பாராமல், தெருவாரியாக வாக்குக் கணக்கெடுத்து எல்லா இடத்திலும் வேட்பாளர் வேண்டும். இலக்கு துணைத் தலைவர் கையெழுத்து.

இரண்டாவது, உள்ளாட்சி ஒதுக்கீட்டில் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு இல்லை. 2009 சட்டம் கல்விக்கும் வேலைக்கும் மட்டுமே. அந்த நீதியை நம் வேட்பாளர் பட்டியலே செய்ய வேண்டும். பள்ளர், பறையர், அருந்ததியர் ஒருவரையொருவர் தோற்கடித்துக்கொள்ளும் ஊரில் துணைத் தலைவர் நாற்காலி என்றைக்கும் வேறொருவருக்குத்தான்.

மூன்றாவது, சேரி வாக்கு மட்டும் பெரும்பான்மை தராது. குடிநீரும் ஊரக வேலைத் திட்டக் கூலியும் கிடைக்காத பிற சாதி ஏழைகளும், ஐம்பது விழுக்காடு ஒதுக்கீட்டில் நிற்கும் பெண்களும் நம் பட்டியலில் இருக்க வேண்டும். பதவியை ஏலம் விடும் ஊர்க்கூட்டத்தில் அவர்களுக்கும் குரல் இல்லை.

நான்காவது, வெற்றிக்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது. வரவுசெலவு, தீர்மானப் புத்தகம், கிராமசபை ஆகியவற்றில் பயிற்சி வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், தலித் ஒருவரை மனுத்தாக்கல் செய்யவிடாமல் தடுப்பதையும், ஊராட்சிப் பொறுப்பாளரைப் பணிசெய்யவிடாமல் மிரட்டுவதையும் குற்றமாக்கியுள்ளது. இந்தப் பிரிவைத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் ஒன்றியத்துக்கு ஒருவராவது வேண்டும்.

2016 முதல் 2019 வரை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லை. பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகள் 2025 ஜனவரியில் மீண்டும் தனி அலுவலர்களிடம் போயின. தேர்தலைத் தள்ளிப்போடுவதும் நம் அதிகாரத்தைத் தள்ளிப்போடுவதே. உரிய காலத்தில் தேர்தல் கேட்பது நம் முழக்கங்களில் முதலாவதாக இருக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் உங்கள் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். காசோலையில் யார் கையெழுத்து, கூட்டத்தில் யாருக்கு நாற்காலி, கொடியை ஏற்றியது யார் என்று ஊர் ஊராக எழுதுங்கள். அடுத்த தேர்தலுக்கான வரைபடம் அதுதான். மேலவளவில் ஆறு பேர் இறந்தது ஒரு நாற்காலிக்காக மட்டுமல்ல. அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதற்காக. அந்தக் கையெழுத்தை ஒவ்வொரு ஊரிலும் நாம் போட்டாக வேண்டும்.

ஜெய்பீம்!