வாவியும் வானலையும்

பூரணை நிலவு காயும் இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே வாவியில் தோணியை நிறுத்தி, சவளின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைச் செவியோடு சேர்த்துப் பாடும் மீனின் நாதத்தைக் கேட்பது மட்டக்களப்பாரின் நெடுநாள் வழக்கம். 1848 செப்டெம்பரில் இங்கு வந்த இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் தெனன்ற் மீனவரோடு நிலவில் தோணியேறிச் சென்று அவ்வொலியைத் தாமும் கேட்டார். அது நீண்டு ஒலிக்கும் ஒற்றை நாதமன்று, மெல்லியவும் கனத்தவுமான எண்ணற்ற சிறு நாதங்கள் ஒன்றோடொன்று கலந்தும் தனித்தனியே தெளிவு குன்றாத தொகுதி என்று அவர் எழுதிவைத்தார். பல குரல்கள் ஒரே வெளியில் ஒன்றையொன்று அழிக்காமல் வாழும் இந்நிலையை, வானொலி வித்தையைக் கண்ட மானிடர் ஆண்டுக் கணக்காகக் கூடிப் பேசியே எய்த வேண்டியிருந்தது.

கடலோடிகளுக்கு இத்தகைய ஏற்பாடு புதியதன்று. மட்டக்களப்பின் பாலமீன்மடுவில் 1913இல் எழுந்த 28 மீற்றர் உயர வெளிச்சவீடு போன்றவற்றுக்கெல்லாம், ஒரு கரையின் சுடரை மறு கரையின் சுடரென்று மாலுமி மயங்காதிருக்கும் பொருட்டு, எத்தனை விநாடிக்கொரு முறை ஒளிர வேண்டும் என்று தனித்தனி இலக்கணம் வகுப்பது கடற்றுறையின் மரபு. ஆனால் மின்பொறியால் அலை எழுப்பிய ஆதி வானொலிக் கருவிகளோ அத்தகைய இலக்கணத்துக்கு அடங்காமல், அகன்றதொரு வீச்சில் இரைந்து அயலாரின் சங்கேதங்களை மூழ்கடித்தன. 1906இல் பேர்லின் நகரில் கூடிய நாடுகள் கப்பல்களின் பொதுச் செய்திகளுக்கு 300 மீற்றர், 600 மீற்றர் என்னும் இரு அலைநீளங்களை வகுத்தன. 1912இல் டைட்டானிக் மூழ்கிய துயரத்தின் நிழலில் இலண்டன் மகாநாடு விதிகளை இறுக்கியது. 1927இல் வாஷிங்டன் மகாநாடு 10 முதல் 60,000 கிலோஹேட்ஸ் வரையிலான மீடிறன்களைக் கப்பலுக்கும் விமானத்துக்கும் ஒலிபரப்புக்கும் எனப் பங்கிட்டு அட்டவணையாக்கியது.

அந்த 600 மீற்றர் அலையே 500 கிலோஹேட்ஸ் என்னும் பிரசித்தமான அபாய அழைப்பு அலையாக விளங்கியது. கப்பலின் வானொலி அறைக் கடிகாரத்தில் 15ஆம், 45ஆம் நிமிடங்களிலிருந்து மும்மூன்று நிமிடங்கள் செந்நிறத்தில் தீட்டப்பட்டிருந்தன. முள் அங்கு வந்ததும் அந்த அலையில் யாவரும் பேச்சை நிறுத்தி, எங்கேனும் ஒரு நலிந்த குரல் உதவி வேண்டுகிறதா என்று செவிசாய்த்தனர்.

நிமிடங்களின் விலையை மட்டக்களப்புக் கடல் நன்கறியும். 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸைக் கண்ட ஜப்பானிய விமானம் அனுப்பிய செய்தி பிரித்தானியர் செவியிலும் விழுந்தது. திருகோணமலைக்குத் திரும்புமாறு கட்டளையும் பிறந்தது. எனினும் காவல் விமானங்கள் வந்து சேருமுன்னரே அக்கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 307 உயிர்களோடு ஆழத்தில் அமிழ்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகம் பங்கீட்டை மேலும் நுணுக்கியது. 1975இல் ஜெனீவாவில் ஒப்பிய திட்டப்படி, ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா முழுவதற்குமாக மத்திய அலை நிலையங்களுக்கு 9 கிலோஹேட்ஸ் இடைவெளி 1978 நவம்பர் 23 முதல் நியமமாயிற்று. இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும், 1996இன் திருத்தத்தால் அமைந்த ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இப்பங்கீட்டுக் கடமையைத் தாங்குகின்றன. இன்று கடலில் ஒரு படகு மற்றொன்றை 156.8 மெகாஹேட்ஸில் அமைந்த 16ஆம் அலைவரிசையில் அழைத்தால், மறுமொழி கிடைத்தவுடன் இருவரும் வேறு வரிசைக்கு விலகிப் பேசுவதே நெறி. அபாயத்தில் உள்ளவனுக்காக அவ்வாசல் வெறுமையாக இருக்க வேண்டும்.

அமெரிக்க யேசு சபைத் துறவி லாங் அடிகளார் இவ்வாவியின் நாதத்தைப் பதிவு செய்து இலங்கை வானொலியில் ஒலிக்கச் செய்தபோது, அம்மெல்லிய இசை தொலைதூர வீடுகளை எட்டியதற்குக் கருவியின் வலிமை மட்டும் காரணமன்று. அந்த அலையில் பிறர் இரையாதிருந்ததும் காரணம். வாவியிலும் நியதி அதுவே. மீனின் பாட்டைக் கேட்பிக்க வரும் தோணிக்காரர், எதையும் சொல்லுமுன் சவள் வலிப்பதை நிறுத்துகிறார்.