பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் வறட்சியும்

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இந்தியாவில் 2016 காரிஃப் பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. வறட்சி, வெள்ளம், பூச்சித் தாக்குதல் ஆகியவற்றால் விளைச்சல் இழந்தோருக்கு இது இழப்பீடு தருகிறது. இதற்கு முன்பிருந்த தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டத்தில் (1999), உணவுப் பயிர்களின் இழப்பீடு வசூலான கட்டணத்தைத் தாண்டினால், மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்றன. பயிர் கருகிய பிறகும் அரசு நிதி ஒதுக்கும்வரை விவசாயி காத்திருக்க வேண்டியிருந்தது. புதிய திட்டத்தில் அரசுகள் பருவத்துக்கான கட்டணத்தில் தம் பங்கைச் செலுத்துகின்றன. இழப்பீட்டுப் பொறுப்பு ஒப்பந்தப்புள்ளி மூலம் தேர்வாகும் பொதுத்துறை, தனியார் காப்பீட்டு நிறுவனங்களுடையது.

காப்பீட்டுத் தொகையில் காரிஃப் பயிருக்கு 2%, ராபி பயிருக்கு 1.5%, வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5% வரை மட்டுமே விவசாயி கட்டுகிறார்.

வறட்சி போன்ற பரவலான இழப்பு தனி வயலில் அளக்கப்படுவதில்லை. கிராமம் அல்லது பிர்கா அளவில் பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, கிடைத்த சராசரி விளைச்சலை உத்தரவாத மகசூலுடன் ஒப்பிடுகிறார்கள். முந்தைய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியே உத்தரவாத மகசூலுக்கு அடிப்படை. மோசமான 2 ஆண்டுகள் கழிந்துவிடுவதால் எப்போதாவது வரும் வறட்சி அந்தச் சராசரியைக் குறைக்காது. ஆனால் இராமநாதபுரம் போன்ற வானம் பார்த்த பூமியில் மழை அடுத்தடுத்துப் பொய்த்தால் அந்தச் சராசரியே இறங்கும், இழப்பீடும் சுருங்கும். இத்திட்டத்தின் பெரிய குறை இதுதான். மழையின்றிப் பெரும்பகுதி நிலத்தில் விதைக்கவே முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25% கிடைக்கும்.

தமிழ்நாட்டில் இத்திட்டம் தொடக்கத்திலேயே கடும் சோதனையைச் சந்தித்தது. 2016 வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62% குறைந்தது. சம்பா கருகியது. 2017 ஜனவரியில் அப்போதைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பருவத்தில் வசூலான கட்டணத்தைவிட மிக அதிகமான தொகை தமிழக விவசாயிகளுக்கு இழப்பீடாகச் சென்றது. பெருவறட்சியின் சுமையை விவசாயியின் தோளிலிருந்து இறக்க இந்த ஏற்பாட்டால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் நிறுவனங்கள் மிகை லாபம் பார்க்கின்றன என்ற குற்றச்சாட்டும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2020இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இழப்பீடு குறைவாக இருந்தால், நிறுவனம் கட்டணத்தில் 20% வரை வைத்துக்கொண்டு மீதியை மாநில அரசிடம் திருப்பித் தரும். இழப்பீடு கட்டணத்தில் 110 விழுக்காட்டைத் தாண்டினால், கூடுதல் தொகையை மாநில அரசு ஏற்கும்.

தாமதமே விவசாயிகளின் முதல் புகார். சோதனை முடிவு தாமதித்தாலும், மாநில அரசு தன் பங்கை இழுத்தடித்தாலும் பணம் நின்றுவிடும். 2018இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, கெடுவைத் தாண்டும் காப்பீட்டு நிறுவனமும் மாநில அரசும் 12% வட்டி செலுத்த வேண்டும்.