ஏப்ரல்ல வேகாத முட்டை

எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு நான் செஞ்சது ஒரு சோலார் குக்கர். ஷூ வாங்கின அட்டைப்பெட்டி, உள்ளே கறுப்புத் தாள், மூடியில் அலுமினியத் தாள், மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட். அவ்வளவுதான். சென்னையோட ஏப்ரல் வெயில் இருக்கு, வேற என்ன வேணும்னு நினைச்சேன். மூணு மணி நேரம் கழிச்சு உடைச்சுப் பார்த்தா, முட்டை பச்சையாவே இருக்கு! "வெயில் பத்தல மிஸ்"னு சொல்லித் தப்பிச்சேன்.

அது எவ்வளவு தப்பான பதில்னு ரொம்ப வருஷம் கழிச்சு, ஓரஸ் பெனடிக்ட் தெ சொசூர் பத்திப் படிச்சப்போதான் புரிஞ்சுது. ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர். கண்ணாடி வழியா வெயில் விழுற அறையும் குதிரை வண்டியும் கூடுதலா சூடாகுதே, அந்தச் சூட்டை எவ்வளவு தூரம் ஏத்தலாம்? இதுதான் அவரோட கேள்வி. வெயில்ல நிறுத்தின கார்ல ஏறினவங்களுக்கு இந்தக் கேள்வி நல்லாவே புரியும்.

1767-இல் அவர் ஐந்து கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வெயிலில் வைத்தார். உள்ளே வைத்த பழங்கள் வெந்தே போயின. அடுத்து ஒரு மரப்பெட்டி செய்தார். உள்ளே கறுப்புத் தக்கை, மேலே மூன்று அடுக்குக் கண்ணாடி. வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியது.

அதோடு அவர் விடலை. அந்தப் பெட்டியை ஆல்ப்ஸில் கிராமோன் மலை உச்சிக்கே தூக்கிட்டுப் போனார். அங்கே காற்று வெறும் 6 டிகிரி. பெட்டிக்குள்ளயோ கிட்டத்தட்ட 88! மறுநாள் கீழே இறங்கி, 25 டிகிரி இருந்த சமவெளியில் வைத்துப் பார்த்தார். உள்ளே ஏறக்குறைய அதே சூடுதான். ஆக, சமைக்கிறது ஊரோட வெக்கை இல்லை. உள்ளே போன ஒளி சூடா மாறி, வெளியே வர முடியாம மாட்டிக்கிறதுதான்.

நம்ம பம்பாயிலயும் இது நடந்திருக்கு. விறகுச் செலவைக் குறைக்கணும்னு நினைச்ச வில்லியம் ஆடம்ஸ்ங்கிற ஆங்கிலேயர், 1870-களில் கண்ணாடிகள் பதிச்ச எட்டுப்பக்க அடுப்பு செஞ்சார். ஏழு சிப்பாய்களுக்கான சாப்பாடு இரண்டே மணி நேரத்தில் வெந்தது. எந்த மாசம் தெரியுமா? ஜனவரி.

அப்போ என் பெட்டியில என்ன குறை? மூடி ஓரத்துல ஒரு விரல் இடைவெளி. ஒத்தை அட்டைச் சுவர். வந்த சூடெல்லாம் அது வழியா போயிடுச்சு.

இந்தப் பொங்கல் லீவுல மறுபடி செஞ்சேன். பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி, நடுவுல கசக்கின நியூஸ்பேப்பர், மேலே ரெண்டு கண்ணாடி, ஓரமெல்லாம் டேப். மதியம் முட்டையை உரிச்சப்போ மஞ்சள் கரு கெட்டியா இருந்துச்சு.

வெயில் அன்னிக்கும் பத்தாம இல்லை, மிஸ்.